‘விடு’ என்று சொல்லும்வரை

எங்கள் வீட்டில் யாருக்காவது காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்றால் அம்மா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திருநீறு பூசிக் கூட்டி வந்துவிடுவாள். மாமாவின் காருக்குள் காத்துப் புகுந்தபோது மட்டும் என்ன செய்வதென்று அம்மாவுக்கே புரியவில்லை. பிரேக்குக்குள் போகிற காத்து வேறு, சுடுகாட்டுப் பக்கம் சுற்றுகிற காத்து வேறு என்பது எட்டு வயதில் எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கப்போகிறது? எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

சிரித்தார்கள். அதற்குக் காரணம் நான்தான். மாமா கார் வாங்கியதை நான் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஓட்டிச் சலித்துப்போய் விற்ற பழைய பச்சைக் கார் அது. கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்த வேண்டும். மழை பெய்தால் பின் சீட்டில் இருப்பவர் குடை பிடிக்க வேண்டும். இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லவில்லை. “இன்னைக்கு எங்க மாமா என்னைக் கூட்டிட்டுப் போக கார்ல வருவாரு” என்று மட்டும் சொன்னேன். மணி அடித்ததும் பத்துப் பிள்ளைகள் என்னோடு வாசலில் நின்றார்கள்.

மாமா வந்தார். எங்கள் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே தட்டையான ரோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் கார் வந்தது. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அப்புறம் அந்தக் கை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது. கார் நிற்கவில்லை. மாமா ஏறி ஏறி மிதித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய், பள்ளிக்கூட மதில் கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலுக்குள் மூக்கை விட்டு நின்றார். பிள்ளைகள் ஓவென்று கத்திக் கை தட்டினார்கள். மணல் கொட்டிய முதலாளி வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, “மொகத மாத்தயா, பிரேக் நெத்த?” என்று சிங்களத்தில் கேட்டார். பிரேக் இல்லையா என்று கேட்கிறார் என்பது எல்லாருக்கும் புரிந்தது. மறுபடியும் சிரிப்பு.

மாமா தலையில் மணலோடு இறங்கி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பிள்ளையின் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு, அந்த ஆள் யாரையோ கூப்பிடுகிறார் என்பதுபோல் நடந்துவிட்டேன். என்னைத் தூக்கி வளர்த்த மனுஷன் அவர். வாசலைத் தாண்டும்போது எனக்குப் பின்னால் ஒருத்தி, “உங்க மாமா மண்ணு திங்கவா வந்தாரு?” என்றாள். அவமானத்தில் காது சுட்டது.

காரை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டு முன்னால் மேட்டில் நிறுத்திச் சில்லுக்குக் கல் முட்டுக்கொடுத்தார்கள். கராஜ் வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார், எங்களுக்கு அவர் நானா. அக்குறணைக்காரர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழே போனால் குரல் மட்டும்தான் வெளியே வரும். பின் சில்லொன்றில் றப்பர் போய் எண்ணெய் ஒழுகியிருக்கிறது, ஒழுகிய வழியால் காத்துப் புகுந்துவிட்டது என்றார். றப்பரை மாற்றினார். மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, ஊரில் கலியாணம், தான் கிளம்ப வேண்டும் என்றார்.

“இனி எயார எடுத்துப்போட்டாச் சரி தம்பி. ரெண்டு பேர் இருந்தாப் போதும். ஒராள் பெடல அமுக்கிப் புடிச்சிக்கோங்க, மத்தாள் சில்லுல இருக்கிற நிப்பிளத் தொறங்க. காத்தும் எண்ணையும் சேந்து வரும். நிப்பிள மூடிட்டு ‘விடு’ன்டு சொல்ற வரைக்கும் கால எடுக்கக் கூடா. எடுத்தா, போன காத்து அப்பிடியே திரும்ப உள்ளுக்கு வந்துரும்.”

“அது எனக்குத் தெரியாதா நானா” என்றார் மாமா. மாமாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் உலகத்தில் இருக்கவில்லை. கண்டி டவுனில் துணிக்கடையில் நின்று பேசிப் பேசியே அவருக்கு அப்படி ஆகியிருந்தது. ஆனால் இந்தத் தடவை மாமாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியைக் கலகெதரவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

சித்தி என்றால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் இளையவள். முன் அறையில் தையல் மிஷினுக்கு முன்னால்தான் எப்போதும் இருப்பாள். எங்கள் ரோட்டில் பாதிப் பேரின் ரவிக்கை அவள் தைத்ததுதான். கலகெதரவில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவருக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். மனைவி தவறிப்போனவர், இரண்டு பிள்ளைகள். சீதனம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்ததால், பெண்ணைக் கூட்டிவந்து அந்த அம்மாவின் கண்ணில் காட்டிவிட்டுப் போங்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். “வராம என்ன? நம்ம கார் இருக்கு” என்று மாமா பதில் அனுப்பியிருந்தார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்ன பிறகு பஸ்ஸில் போய் இறங்க முடியாது. “என் தங்கச்சி பஸ்ல தொங்கிக்கிட்டுப் போயி மாப்புள வீட்டு வாசல்ல எறங்குறதா? வாடகைக் கார்ல போனாலும் கேவலம்தான். நாளைக்கு நம்மள மதிப்பானா?” என்றார்.

சித்தி ஒருநாள் அம்மாவிடம், “இன்னும் ஒரு வருஷம் போகட்டுமேக்கா” என்றதை நான் கேட்டிருக்கிறேன். “வாய மூடு. வந்த இடத்த விட்டுட்டு அப்பறம் வாசல பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பியா?” என்றாள் அம்மா. அத்தோடு சரி. அதற்குப் பிறகு யாரும் சித்தியிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மாமா ஸ்பேனரும் பழைய பால் டின்னுமாகக் காருக்குக் கீழே போனார். பெடலை அமுக்க ஆள் வேண்டும். அப்பா நாவலப்பிட்டியில் ரயில்வே வேலை, லீவு கிடைத்தால்தான் வருவார். அம்மாவோ கிட்டவே வரமாட்டேன் என்றாள்.

“உள்ள காத்து இருக்குன்ற. நான் கால வைக்க மாட்டேன்டா சாமி.”

“அட, அது வேற காத்துக்கா!”

“எந்தக் காத்தா இருந்தா என்ன.”

எண்ணெய் ஊற்ற மட்டும் சம்மதித்தாள். டிரைவர் சீட்டின் காலடியில் விரிப்பைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும், அதற்குள் எண்ணெய் குறையக் குறைய ஊற்ற வேண்டும். கையை நீட்டி ஊற்றிவிட்டு, சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு பின்னால் போய்விடுவாள். மாமா உள்ளே பார்த்துக் கத்தினார். “தங்கச்சி, இங்க வா. நாள் முழுக்க மிஷின் மிதிக்கிற கால்தானே, கொஞ்சம் இதையும் மிதி.”

சித்தி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். அதிலிருந்து ஆரம்பித்தது.

“அமுக்கு!”

“அமுக்கிட்டேன்.”

கீழே ஸ்பேனர் திரும்பும். பெடல் மெல்ல இறங்கும். டின்னுக்குள் எண்ணெய் சீறும். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்பி மூடுவார். “விடு!”

இப்படியே ஒரு சில்லு, மறு சில்லு என்று சுற்றி வந்து, மாமா வெளியே வந்து ஆசையாகப் பெடலை ஒரு மிதி மிதித்தார். பஞ்சுத் தலையணையை மிதித்த மாதிரி அது தரைவரை போனது.

“எண்ண வத்தியிருக்கும். வத்தினா மேலால காத்து இழுக்கும்” என்றார். அம்மாவைத் திட்டினார். மூடி வழிய எண்ணெய் ஊற்றி மறுபடியும் சுற்றினார்கள். பஞ்சு. “தூரத்துச் சில்லுல இருந்து தொடங்கணும், நான் கிட்ட உள்ளதுல தொடங்கிட்டேன்” என்றார். தூரத்துச் சில்லிலிருந்து தொடங்கினார்கள். பஞ்சு. நிப்பிளின் மரை தேய்ந்து அதன் வழியாகக் காத்து இழுக்கிறதாக்கும் என்று அதைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒவ்வொரு தடவையும் டின்னுக்குள் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது. “எவ்வளவு காத்துத்தான்டா இருக்கு இதுக்குள்ள!” என்று காருக்குக் கீழே இருந்து கத்தினார்.

அதற்குள் ரோட்டில் கூட்டம். மேல் வீட்டுப் பையன்கள் மதிலில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். “அண்ணே, ஊசி போட்டுப் பாருங்க!” “வேப்பெல அடிச்சுப் பாருங்க!” ஒருவன் என் பள்ளிக்கூடத்துப் பையன். திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் சீட்டிலிருந்து சரிந்து கீழே குந்திக்கொண்டேன். அம்மா வேறு உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழத்தையும் நாலைந்து மிளகாயையும் நூலில் கோத்துக் கொண்டுவந்து, எல்லார் கண்ணெதிரிலும் காருக்கு முன்னால் கட்டினாள். மதிலில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மானம் போனது.

கீழே குந்தியிருந்ததால்தான் சித்தியின் கால் என் கண்ணுக்கு நேரே இருந்தது. செருப்பில்லாத கால். மாமா ஸ்பேனரைத் திருப்பியதும் பெடல் இறங்கியது. அவர் மூடுவதற்கு முன்னமே, ‘விடு’ என்று சொல்வதற்கு முன்னமே, அந்தக் கால் சத்தமில்லாமல் மேலே வந்தது. பிறகுதான் “விடு!” என்ற குரல் வந்தது.

“சித்தி, மாமா இன்னும் சொல்லவே இல்லியே.”

“எனக்குச் சரியா கேக்கலடி.”

அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கடுத்த தடவையும். “கால் வலிக்குதுடி” என்றாள். பிறகு என் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“அந்தக் காத்து அதுபாட்டுக்கு உள்ள இருந்துட்டுப் போகட்டுமேடி. யாருக்கு என்ன செஞ்சிச்சு?”

எனக்குக் கோபம்தான் வந்தது. யாருக்கு என்ன செய்ததா? மணல் குவியலை அவள் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து யாரும் பள்ளிக்கூடத்தில் சிரிக்கப்போவதில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் இவ்வளவுதான். சித்திக்கு ஒரு பெடலைக்கூட ஒழுங்காக அமுக்கத் தெரியவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு மாமா சோர்ந்துவிட்டார். வெளியே வந்து, சில்லுக்கு முட்டுக்கொடுத்த கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல்லில் உட்கார்ந்தார். தலைமயிரெல்லாம் எண்ணெய். மதிலில் இருந்த பையன்களும் போய்விட்டார்கள், சிரிப்பதற்குக்கூட ஒன்றும் மிச்சமில்லை. “ஏலாதுக்கா” என்றார் அம்மாவிடம். “கலகெதர ரோட்டு வளைவுல இந்தப் பிரேக்க நம்பி எறங்க முடியாது. வரலன்னு சொல்லி அனுப்பிர வேண்டியதுதான். போகட்டும். வேற எடம் வராமலா போகும்?” அந்தக் குரலை நான் அதற்கு முன் மாமாவிடம் கேட்டதில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சித்தி இறங்கி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது, வழக்கத்தை விட வேகமாக.

மாமாவைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. பள்ளிக்கூட வாசலில் அவர் கூப்பிட்டும் நான் திரும்பாமல் போனது வேறு உறுத்தியது. திங்கட்கிழமையும் நினைவுக்கு வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால், பொய் சொல்லாமல் சொல்கிறேன், திங்கட்கிழமைதான்.

“மாமா, நான் அமுக்குறேன். சித்திக்கு ஒழுங்கா அமுக்கத் தெரியல.”

மாமாவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. “ஒனக்குக் கால் எட்டுமாடி?”

சீட்டில் உட்கார்ந்தால் எட்டாது. நான் உட்காரவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெடலின் மேல் ஏறி நின்றேன். என் பாரம் முழுக்க அதன் மேல்தான். மாமா, போனால் போகிறது என்பதுபோல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

“அமுக்கு!”

“அமுக்கிட்டேன்!”

எனக்குக் கீழே பெடல் இறங்கியது. நானும் அதோடு இறங்கினேன். மாமாவின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தது, அதைத் தடவித் தேடுகிற சத்தம், இருமல், ஏதோ ஒரு திட்டு. நான் காலை எடுக்கவில்லை. நானா சொன்னதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“விடு!”

விட்டேன். அம்மா எண்ணெய் ஊற்றினாள். மறுபடி அமுக்கு, மறுபடி விடு. குமிழி குறைந்துகொண்டே வந்தது. “அக்கா, வெறும் எண்ண மட்டும் வருதுக்கா!” என்று கீழே இருந்து மாமா கூவினார். நாலு சில்லும் முடிந்ததும் நான் பெடலில் ஏறி நின்று குதித்தேன். அது அசையவே இல்லை. கல்.

மாமா எண்ணெய்க் கையோடு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் ஆடினார். என் சட்டை முழுக்கக் கறை, அம்மா திட்டவில்லை. “எங்க வீட்டு மெக்கானிக்குடா இவ!” என்று மதில் காலியாக இருந்தும் அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார். அந்தக் கூச்சலுக்கு நடுவில் உள்ளே தையல் மிஷின் நின்றுவிட்டதை நான் கவனித்தேன். நான் செய்த காரியத்தைக் கேட்டுச் சித்தியும் பார்க்க வருகிறாள் என்று நினைத்தேன். அவள் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். நான் முன் சீட்டில், அம்மாவும் சித்தியும் பின்னால். பள்ளிக்கூடத்து இறக்கத்தில் மாமா வேண்டுமென்றே வேகமாக வந்து, மணல் குவியலுக்கு ஒரு சாண் இருக்கும்போது மிதித்தார். கார் டக்கென்று நின்றது. எல்லாரும் முன்னால் போய் விழுந்தோம். அம்மா “ஐயோ பாவி” என்று சிரித்தாள், நான் சிரித்தேன், மாமா கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். சித்தி நழுவிய பூவைச் சரி செய்துகொண்டாள். கலகெதரவுக்குக் கிட்டப் போகும்போது என் சீட்டுக்குப் பின்னால் குனிந்து கேட்டாள்.

“ஏண்டி, அவ்வளவு நேரம் கால எடுக்காம எப்படி நின்ன?”

“மாமா விடுன்னு சொல்லலயே சித்தி. சொல்லாம எடுக்கக் கூடாதுல்ல?”

“ம். நீ நல்ல புள்ள” என்றாள்.

அதைப் பாராட்டு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை வகுப்பில் அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். கலகெதரவில் அந்த அம்மா படுக்கையில் கிடந்தபடியே சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அன்றைக்கே பேசி முடித்தார்கள்.

அந்த மனிதர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கடை நன்றாக நடந்தது, பிள்ளைகள் சித்தியை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். தையல் எல்லாம் இனி எதற்கு என்று அவர்கள் சொன்னதால் மிஷின் மட்டும் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. பல வருஷம் கழித்து அதில் நான் தைக்கப் பழகினேன். மிதிக்கத் தெரிந்துவிடும், நிறுத்தத்தான் தெரியாது. ஒரு தையல் கூடிப்போகும், இல்லாவிட்டால் நூல் அறுந்துவிடும். சித்தி கழுத்து வளைவில் நினைத்த தையலில் நிறுத்துவாள், கையால் சக்கரத்தைத் தொடமாட்டாள், காலாலேயே. அதை நினைத்தபடி ஒருநாள் மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கால் நின்றது. அந்தக் காலா எப்போது எடுக்க வேண்டும் என்று தெரியாமல் எடுத்தது? வீட்டில் இருந்த அத்தனை பேரில் அவள் யாரிடமும் சொல்ல முடியாததை அந்தக் கால் ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பார்த்தவள் நான் ஒருத்திதான். வெட்கமாக இருந்தது. இப்போதும் யாராவது என்னைக் கெட்டிக்காரி என்றால் முதலில் அந்தப் பெடல்தான் நினைவுக்கு வருகிறது.

கலியாணத்துக்குப் பிறகு சித்தி முதல்தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் வந்தாள். மாமா விஷயம் தெரிந்து காரை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கே போனார், நானும் போனேன். “ஏறு தங்கச்சி” என்றார். “பரவால்லண்ணே, நான் நடந்து வாறேன்” என்றாள். எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. பையை மட்டும் பின் சீட்டில் வைத்துவிட்டு மேட்டில் நடந்தாள். மாமா அவளுக்கு இணையாகக் காரை மெதுவாக விட்டார். சித்திக்குக் காரில் ஏறினால் தலை சுத்தும்போல என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன். பாவம், நமக்கு வாய்த்த கார் சவாரி அவளுக்கு வாய்க்கவில்லையே என்று, வீடு வரும்வரை ஜன்னலால் எட்டிப் பார்த்து அவளுக்குக் கை காட்டிக்கொண்டே வந்தேன்.